கிரிக்கெட் வீரரின் பதிவேட்டைப் படிப்பது எப்படி?

சர்வதேச கிரிக்கெட் வீரர் ஒருவரின் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஓர் அட்டவணை. ஆட்டங்கள், இன்னிங்ஸ், நாட் அவுட், ரன், அதிகபட்சம், சராசரி, ஸ்ட்ரைக் ரேட், சதம், அரைசதம் என்று பத்து இருபது ஆண்டு உழைப்பு ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. புதிதாகக் கிரிக்கெட் பார்க்க வருகிறவர்கள் நேரே சராசரிக்குத் தாவி, "இவருக்கு 53, அவருக்கு 48, ஆகவே இவர்தான் பெரிய ஆட்டக்காரர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சராசரி என்பது வகுத்து வந்த விடை. எதை எதனால் வகுத்தார்கள் என்று பார்க்காமல் விடையை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் அந்த வாதம் நிற்காது.

கீழே வரும் படிகளைக் கால்குலேட்டரும் ஒரு தாளும் வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும்.

படி 1: எந்த வரியைப் பார்க்கிறீர்கள்?

பெரும்பாலான பதிவுகளில் ஆறு வரிகள் இருக்கும்: டெஸ்ட், ஒருநாள், சர்வதேச டி20, முதல்தரம் (உள்நாட்டு ஆட்டங்களையும் சேர்த்து, பல நாள் நடக்கும் ஆட்டங்கள்), லிஸ்ட் ஏ (அதேபோல, ஒரே நாளில் முடியும் ஒருநாள் வகை ஆட்டங்கள்), டி20. முதல் மூன்றும் சர்வதேச ஆட்டங்கள். அடுத்த மூன்றும் அவற்றுக்கு வெளியே தனியாக இருப்பவை அல்ல. முதல்தரக் கணக்குக்குள் டெஸ்ட் ஆட்டங்களும் அடங்கும், லிஸ்ட் ஏ கணக்குக்குள் ஒருநாள் ஆட்டங்களும் அடங்கும், டி20 வரிக்குள் சர்வதேச டி20யும் அடங்கும். ஆறு வரிகளையும் கூட்டினால் சர்வதேச ரன்களை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

சர்வதேச மொத்தம் வேண்டுமென்றால் முதல் மூன்றை மட்டும் கூட்டுங்கள். சச்சின் டெண்டுல்கர் டெஸ்டில் 15,921, ஒருநாள் ஆட்டங்களில் 18,426, அவர் ஆடிய ஒரே சர்வதேச டி20யில் 10 ரன் எடுத்தார். மொத்தம் 34,357. அவருடைய நூறு சதங்களும் இதே கணக்கில் வருபவைதான்: டெஸ்டில் 51, ஒருநாளில் 49.

ஆண்கள் கிரிக்கெட்டில் டெஸ்ட் 1877இலும், சர்வதேச ஒருநாள் ஆட்டம் 1971இலும், சர்வதேச டி20 2005இலும் தொடங்கின. பழைய வீரர் ஒருவரின் வரி காலியாக இருந்தால், அந்த வகை ஆட்டமே அப்போது இல்லாமல் இருந்திருக்கலாம்.

படி 2: பேட்டிங் சராசரியை நீங்களே போட்டுப் பாருங்கள்

இன்னிங்ஸ் எண்ணிக்கையிலிருந்து நாட் அவுட் எண்ணிக்கையைக் கழியுங்கள். கிடைப்பது அவர் எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்பது. மொத்த ரன்னை அதனால் வகுத்தால் சராசரி.

டான் பிராட்மேன் 52 டெஸ்டுகளில் 80 முறை பேட் செய்து 6,996 ரன் எடுத்தார். 10 முறை ஆட்டமிழக்கவில்லை. 80இல் 10 போனால் 70. 6,996ஐ 70ஆல் வகுத்தால் 99.94. 1948இல் ஓவல் மைதானத்தில் அவருடைய கடைசி இன்னிங்ஸில் எரிக் ஹோலிஸ் அவரைப் பூஜ்யத்தில் போல்டாக்கினார். அன்று நான்கு ரன் எடுத்திருந்தால் மொத்தம் 7,000, சராசரி சரியாக 100.

இங்கே சில நுணுக்கங்கள் உண்டு. ஆட்டத்தில் இடம்பெற்றும் பேட் செய்ய வாய்ப்பு வராவிட்டால் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடும், இன்னிங்ஸ் கூடாது. காயத்தால் வெளியேறித் திரும்பி வராதவர் நாட் அவுட்டாகக் கணக்கில் வருவார். காரணமில்லாமல் தானாக வெளியேறினால் அது அவுட். ஒரே வீரருக்கு ஓரிடத்தில் 53.78, இன்னோரிடத்தில் 53.79 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். சில பதிவேடுகள் இரண்டாம் தசமத்துக்குப் பிறகு வருவதை வெட்டிவிடும், சில முழுமையாக்கும்.

நாட் அவுட் சராசரியைச் செயற்கையாக ஏற்றிவிடுகிறது என்ற புகாரை எங்கும் கேட்கலாம். மைக்கேல் பெவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ஆட்டங்களில் 196 இன்னிங்ஸ், 67 நாட் அவுட், 6,912 ரன், சராசரி 53.58. நாட் அவுட்டைக் கழிக்காமல் 196ஆல் வகுத்தால் 35.27 மட்டுமே. இரண்டுக்கும் இடையே 18 ரன்னுக்கு மேல் வித்தியாசம். இதில் எது உண்மை? இரண்டுமே. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். பெவனை ஒருமுறை வீழ்த்த எதிரணி சராசரியாக எத்தனை ரன் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை 53.58 சொல்கிறது. அவர் களமிறங்கும்போதெல்லாம் அணிக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை 35.27 சொல்கிறது. நடுவரிசைக்குப் பின்னால் இறங்குகிறவருக்கு ஓவர் தீர்ந்துபோகும், இல்லையேல் இலக்கு முடிந்துபோகும். அதை அவருடைய குறையாக எழுத முடியாது. நாட் அவுட் விகிதம் அதிகமாகத் தெரிந்தால் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அவர் எந்த இடத்தில் பேட் செய்தார் என்று பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

படி 3: எத்தனை இன்னிங்ஸில் வந்த சராசரி?

வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி கேண்டோம் 1948இல் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஒரே இன்னிங்ஸ், 112 ரன், சராசரி 112.00. பிராட்மேனைவிட அதிகம்! இதனால்தான் சராசரிப் பட்டியல்களில் குறைந்தபட்சம் 20 இன்னிங்ஸ் என்பது போன்ற வரம்பு வைப்பது வழக்கம். அந்த வரம்பும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் நல்ல உதாரணம். 35 வயதில் அறிமுகமாகி 20 டெஸ்டுகள் ஆடினார். 31 இன்னிங்ஸ், 7 நாட் அவுட், 1,485 ரன், சராசரி 61.87. பட்டியலில் பல மேதைகளுக்கு மேலே நிற்கிறார்.

அந்த வரியைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மட்டும் அவர் 542 ரன் எடுத்து ஒரே முறை ஆட்டமிழந்தார். அதை எடுத்துவிட்டால் மீதி 943 ரன், 23 முறை அவுட், சராசரி 41. நல்ல ஆட்டக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 61.87 என்ற எண் ஓர் எதிரணிக்கு எதிரான இரண்டு தொடர்களின் மேல் நிற்கிறது. ஆட்டமிழந்த எண்ணிக்கை 50ஐத் தாண்டாத எந்தச் சராசரியையும் இப்படிப் பிரித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

படி 4: சதமும் அரைசதமும்

அரைசதம் என்ற கட்டத்தில் 50 முதல் 99 வரையிலான இன்னிங்ஸ் மட்டுமே இருக்கும். சதங்கள் அதற்குள் சேராது. ஆகவே ஐம்பதைத் தாண்டிய மொத்தம் வேண்டுமென்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். பிராட்மேன் 29 சதம், 13 அரைசதம். ஐம்பதைத் தொட்ட 42 முறையில் 29 முறை சதமாக்கினார். நியூசிலாந்தின் ஸ்டீபன் ஃப்ளெமிங் 9 சதம், 46 அரைசதம். 55இல் 9 மட்டும். அவருடைய சராசரி 40.06இல் நின்றுபோனதற்கு இந்த ஒரு விகிதமே பெரிய காரணம்.

படி 5: ஸ்ட்ரைக் ரேட்

எடுத்த ரன்னைச் சந்தித்த பந்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வைடு பந்து பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகக் கணக்கில் வராது, நோபால் வரும். பந்து பேட்டில் படாமல் ஓடி எடுக்கும் பை, லெக் பை ரன்கள் அவர் கணக்கில் சேராது, ஆனால் அந்தப் பந்து சேரும்.

டெஸ்டில் வீரேந்தர் சேவாக்கின் ஸ்ட்ரைக் ரேட் 82.23, ராகுல் டிராவிட்டின் ஸ்ட்ரைக் ரேட் 42.51. சராசரி முறையே 49.34, 52.31. சராசரியில் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவர் அணிக்குச் செய்த வேலை முற்றிலும் வேறு. ஒருவர் எதிரணியின் பந்துவீச்சுத் திட்டத்தை முதல் மணி நேரத்திலேயே குலைத்தார். இன்னொருவர் டெஸ்ட் வரலாற்றில் யாரும் சந்திக்காத அளவுக்கு 31,258 பந்துகளைச் சந்தித்துப் பந்துவீச்சாளர்களைக் களைக்க வைத்தார். டெஸ்டில் ஸ்ட்ரைக் ரேட் ஒருவரின் பாணியைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

டி20யில் நிலைமை தலைகீழ். ஓர் அணிக்கு மொத்தமே 120 பந்து. 30 பந்தில் 30 எடுத்தவர் கால்வாசிப் பந்துகளைத் தின்றுவிட்டார், 15 பந்தில் 30 எடுத்தவர் அதே ரன்னுக்கு மற்றவர்களுக்கு 15 பந்து மிச்சம் வைத்தார். அங்கே ஸ்ட்ரைக் ரேட்டை முதலில் பாருங்கள், சராசரியைப் பிறகு.

பழைய டெஸ்ட் வீரர்களுக்கு இந்தக் கட்டம் காலியாக இருக்கலாம், அல்லது பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கலாம். பல ஆட்டங்களில் ஒவ்வொருவரும் சந்தித்த பந்துகளைத் தனித்தனியே குறித்துவைக்கவில்லை என்று அர்த்தம்.

படி 6: பந்துவீச்சில் மூன்று எண்கள், ஒரே கணக்கு

சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன். ஸ்ட்ரைக் ரேட் என்பது ஒரு விக்கெட்டுக்கு வீசிய பந்து. எகானமி என்பது ஓர் ஓவருக்குக் கொடுத்த ரன். மூன்றிலும் எண் குறையக் குறைய நல்லது. பேட்டிங்கில் பழகிய கண்ணுக்கு இது முதலில் தடுமாற்றம் தரும்.

ஸ்ட்ரைக் ரேட்டை எகானமியால் பெருக்கி ஆறால் வகுத்தால் சராசரி வந்துவிடும். இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஒரே சராசரியை இரண்டு வழிகளில் அடையலாம். முத்தையா முரளிதரன் 133 டெஸ்டில் 800 விக்கெட், சராசரி 22.72. டேல் ஸ்டெயின் 93 டெஸ்டில் 439 விக்கெட், சராசரி 22.95. கிட்டத்தட்ட சமம். ஆனால் முரளி ஒரு விக்கெட்டுக்கு 55 பந்து எடுத்துக்கொண்டு ஓவருக்கு இரண்டரை ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்தார். ஸ்டெயினுக்கு 42 பந்து போதும், ஆனால் ஓவருக்கு 3.24 ரன் போனது. ஒரு முனையை நாள் முழுக்க அடைத்துவைக்க ஆள் வேண்டுமா, ஒரே ஸ்பெல்லில் ஆட்டத்தைத் திருப்ப ஆள் வேண்டுமா என்ற கேள்விக்குச் சராசரி பதில் சொல்லாது. மற்ற இரண்டும் சொல்லும்.

ஓவர் எண்ணிக்கையில் ஒரு கண்ணி இருக்கிறது. 12.3 ஓவர் என்றால் பன்னிரண்டு ஓவரும் மூன்று பந்தும். அதாவது 75 பந்து, பன்னிரண்டரை ஓவர். அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 50 ரன் கொடுத்தவருக்கு எகானமி சரியாக 4.00. கால்குலேட்டரில் 50ஐ 12.3ஆல் வகுத்தால் 4.07 என்று தவறாக வரும். எப்போதும் ஓவரைப் பந்தாக மாற்றிவிட்டு வகுங்கள். பழைய பதிவுகளில் இது இன்னும் அவசியம். ஆஸ்திரேலியாவில் 1970களின் கடைசி வரை ஓர் ஓவருக்கு எட்டுப் பந்து. நாடு நாடாக, காலம் காலமாக நான்கு, ஐந்து, ஆறு, எட்டு என்று மாறியிருக்கிறது.

பந்துவீச்சாளர் கணக்கில் எது சேரும் என்பதையும் பார்த்துவிடுங்கள். வைடு, நோபால் ரன்கள் அவருடைய கணக்கில் சேரும். பை, லெக் பை சேராது. ஆகவே லெக் பை ஓடினாலும் மெய்டன், அதாவது பந்துவீச்சாளர் கணக்கில் ரன்னே சேராத ஓவர், மெய்டன்தான். போல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் அவருக்குச் சேரும் விக்கெட்டுகள். ரன் அவுட் சேராது.

குறைந்த ஓவர் ஆட்டங்களில் எகானமியைப் பார்க்கும்போது, எந்த ஓவர்களை வீசினார் என்று கேளுங்கள். டி20யில் முதல் ஆறு ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் இரண்டே பேர்தான் நிற்கலாம். கடைசி நான்கு ஓவரில் எல்லாரும் தூக்கி அடிப்பார்கள். இந்த இரண்டு கட்டத்திலும் வீசி 8 என்ற எகானமியோடு வருகிறவர், நடு ஓவர்களை மட்டும் வீசி 7 வைத்திருப்பவரைவிட அணிக்கு அதிகம் உழைத்திருக்கக்கூடும்.

படி 7: பிரித்துப் பாருங்கள்

மொத்தச் சராசரி ஓரளவுதான் சொல்லும். நாடு, எதிரணி, ஆண்டு, பேட்டிங் வரிசை என்று பிரிக்கும்போதுதான் ஆள் தெரிகிறார்.

ரிக்கி பான்டிங் டெஸ்டில் 13,378 ரன், சராசரி 51.85. இந்தியாவில் ஆடிய 14 டெஸ்டுகளில் 26.48. ஷேன் வார்ன் 708 விக்கெட், சராசரி 25.41. இந்திய மண்ணில் 9 டெஸ்டில் 34 விக்கெட், சராசரி 43.11. குமார் சங்கக்காரா 57.40. அதையே பிரித்தால், விக்கெட் கீப்பராக ஆடிய 48 டெஸ்டில் 40.48, கையுறையைக் கழற்றிவிட்டு ஆடிய 86 டெஸ்டில் 66.78. நாள் முழுக்க ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து எழுந்துவிட்டு மேல்வரிசையில் பேட் செய்ய வருவது எவ்வளவு கடினம் என்பதை இந்த இரண்டு எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒரே நாட்டுக்குள்ளும் பிரிக்க வேண்டிவரும். விராட் கோலி 2014இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட், பத்து இன்னிங்ஸ், 134 ரன், சராசரி 13.40. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்துகளைத் தொட்டுத் தொட்டு ஸ்லிப் பக்கம் கேட்ச் கொடுத்தார். ஜேம்ஸ் ஆண்டர்சன் மட்டும் நான்கு முறை வீழ்த்தினார். 2018இல் அதே நாட்டில், அதே ஐந்து டெஸ்ட், அதே பத்து இன்னிங்ஸ், 593 ரன், சராசரி 59.30. ஆண்டர்சனிடம் ஒருமுறைகூட ஆட்டமிழக்கவில்லை. இரண்டு தொடரையும் சேர்த்தால் சராசரி 36.35. அந்த 36.35 என்ற எண்ணில் வாழ்ந்த கோலி யாருமே இல்லை. ஒருவர் தோற்றார், பிறகு தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு வந்து ஜெயித்தார். ஆண்டுவாரியாகப் பார்த்தால்தான் அது தெரியும்.

பிரிப்பதற்கும் எல்லை உண்டு. "செவ்வாய்க்கிழமை, இரண்டாம் இன்னிங்ஸ், இடக்கை வேகத்துக்கு எதிராக" என்று நறுக்கிக்கொண்டே போனால் ஆறு ஏழு முறை அவுட்டான கணக்குதான் மிஞ்சும். அதிலிருந்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. படி 3ஐ இங்கேயும் மறக்க வேண்டாம்.

படி 8: எந்தக் காலம்?

இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 18 டெஸ்டில் 112 விக்கெட், சராசரி 10.75. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடுகளத்தை மழையிலிருந்து மூடிக் காக்கும் வழக்கம் இல்லை. நனைந்து காய்ந்த களத்தில் பந்து எப்படி எழும் என்று யாருக்கும் தெரியாது. எல்லா அணிகளும் குறைந்த ரன்னுக்குச் சுருண்டன. அவர் காலத்தின் 10.75ஐ இன்றைய 22க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இருவருக்குமே நியாயம் செய்ததாகாது.

நல்ல வழி, அதே ஆட்டங்களில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது. அவர் ஆடிய தொடரின் ஸ்கோர்கார்டுகளை எடுத்து, இரு அணியின் மேல்வரிசை ஆறு பேரின் ரன்னையும் கூட்டி, அவர்கள் அவுட்டான எண்ணிக்கையால் வகுங்கள். அந்தத் தொடரின் பொதுச் சராசரி 25ஆக இருக்கும்போது ஒருவர் 40 எடுத்தால், பொதுச் சராசரி 45 இருக்கும் தொடரில் 55 எடுப்பதைவிட அது பெரிய காரியம்.

ஆல்ரவுண்டர்களுக்குத் தனிக் கணக்கு

பேட்டிங் சராசரியிலிருந்து பந்துவீச்சுச் சராசரியைக் கழிப்பது வழக்கம். கேரி சோபர்ஸ்: 57.78இல் 34.03 போக 23.75. ஜாக் காலிஸ்: 55.37இல் 32.65 போக 22.72. இம்ரான் கான்: 37.69இல் 22.81 போக 14.88. கபில் தேவ்: 31.05இல் 29.64 போக 1.41.

இந்தப் பட்டியலோடு நிறுத்தினால் கபிலுக்குப் பெரிய அநியாயம். எத்தனை வேலை செய்தார்கள் என்பது இதில் இல்லை. ஒரு டெஸ்டுக்கு எத்தனை விக்கெட் என்று பாருங்கள். காலிஸ் 166 டெஸ்டில் 292, ஆட்டத்துக்கு இரண்டுக்கும் குறைவு. சோபர்ஸ் 93இல் 235, இரண்டரை. கபில் 131இல் 434, மூன்றுக்கு மேல். இம்ரான் 88இல் 362, நான்கைத் தாண்டும். முதல் இருவரும் பந்து வீசிய மாபெரும் பேட்ஸ்மேன்கள். பின்னிருவரும் பேட் பிடித்த முன்னணிப் பந்துவீச்சாளர்கள். கழித்தல் கணக்கு எப்போதும் முதல் வகைக்கே சாதகம்.

படி 9: வரியில் இல்லாததைத் தேடுங்கள்

பிடித்த கேட்ச் எண்ணிக்கை இருக்கும், விட்ட கேட்ச் இருக்காது. தடுத்த ரன் இருக்காது. அதற்கு ஆட்ட அறிக்கைகளையும் பந்துக்குப் பந்து வர்ணனையையும்தான் படிக்க வேண்டும்.

வாய்ப்பே கிடைக்காமல் போனவர்கள் இன்னும் பெரிய இடைவெளி. தென்னாப்பிரிக்காவின் பாரி ரிச்சர்ட்ஸ் 1970இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு டெஸ்ட் ஆடி 508 ரன் எடுத்தார், சராசரி 72.57. நிறவெறி ஆட்சியால் அந்த நாடு சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டதால் ஐந்தாவது டெஸ்ட் அவருக்கு வரவே இல்லை. அதே நிறவெறியால் நாட்டுக்குள்ளேயே அணிக்கு அருகில்கூட வர முடியாத கறுப்பின வீரர்களின் பெயர் டெஸ்ட் பதிவில் எங்குமே இல்லை. இந்தியாவில் ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர் காலத்தில் இடக்கைச் சுழற்பந்துக்கு இந்திய அணியில் இருந்த ஒரே இடத்தில் 266 விக்கெட் எடுத்த பிஷன் சிங் பேடி இருந்தார்.

சர்வதேச வரி குட்டையாகவோ காலியாகவோ இருந்தால் உடனே முதல்தர வரிக்குப் போங்கள். ரிச்சர்ட்ஸுக்கு அங்கே 28,358 ரன்னும் 80 சதமும் இருக்கின்றன. கோயலுக்கு 750 விக்கெட்.